வாய்தா பணம் அனுப்பும் முன் உங்கள் கேஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

செத்துப்போன கேஸுக்குப் பதினோரு மாதமாக வாய்தா பணம் கட்டியிருக்கிறோம். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கும் மாமாக்களுக்கும் தாத்தா சொத்தில் பாகப்பிரிவினை வழக்கு, 2021இல் எங்கள் ஊர் சப் கோர்ட்டில் போட்டது. வக்கீல் தெரிந்தவர் மூலமாக வந்தவர் என்பதால் ரசீது கேட்கவே கூச்சம். மூலப்பத்திரத்தை ஒரிஜினலாகவே தூக்கிக் கொடுத்தோம், பெற்றுக்கொண்டேன் என்று ஒரு துண்டுச்சீட்டுகூட எழுதி வாங்கவில்லை. அப்புறம் மாதாமாதம் குமாஸ்தாவிடமிருந்து போன் வரும். "அக்கா, இன்னைக்கு ஜட்ஜ் லீவு, அடுத்த மாசம் 14க்கு வாய்தா, ஒரு ஐநூறு போட்டு விட்ருங்க." அம்மா ஜிபேயில் போட்டுவிட்டு, தினசரி காலண்டரில் அந்தத் தாளை மடித்து வைப்பார்.

சித்தி மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் கேஸ் நிலவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் கேஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இது டிஸ்மிஸ் ஆயிடுச்சே" என்றாள். அம்மா சாட்சி சொல்ல வேண்டிய நாளில் அம்மாவும் போகவில்லை (சொன்னால்தானே போவார்), வக்கீலும் போகவில்லை, வாதி ஆஜராகவில்லை என்று தள்ளுபடி. மறுபடி கோப்பில் எடுக்க 30 நாளில் மனு போட்டிருக்க வேண்டும்.

வக்கீலிடம் நேரில் போய்க் கேட்டால் மனிதர் அசரவே இல்லை. "ஃபீஸ் பாக்கி நாற்பதாயிரம் இருக்கு, அதை வச்சுட்டு கேஸ் கட்டை எடுத்துட்டுப் போங்க" என்றார். சிவப்பு நாடா கட்டிய எங்கள் கட்டு அவர் கைக்குக் கீழேயே இருந்தது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஃபீஸ் பாக்கியே இருந்தாலும் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது, 2000ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பாக்கி வேண்டுமென்றால் அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கட்டும். அதேபோல "ஜெயிச்சா சொத்துல பத்து பர்சென்ட்" என்று எங்களிடம் வாய்வார்த்தையாகப் பேசியிருந்தார், வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி அப்படிப் பேசுவதே தப்பு. வாங்கிய பணத்துக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும், கட்சிக்காரர் கேட்டால் கொடுக்க வேண்டும், இதுவும் விதியில் இருக்கிறது. எனக்கு நாற்பத்தெட்டு வயது, இதெல்லாம் இப்போதுதான் தெரியும்.

வக்கீலை மாற்ற அவரிடம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கேட்டோம், தரவில்லை. தராவிட்டால் கேஸ் அப்படியே நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்தோம், அதுவும் பொய். கோர்ட்டில் அனுமதி கேட்டு வேறு வக்கீல் வக்காலத்து போடலாம். இப்போது வந்திருக்கும் பெண் வக்கீல் (நல்லவர்களும் இருக்கிறார்கள், சொல்ல வேண்டும்) தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, கேஸை மறுபடி எடுக்கச் சொல்லி ஒரு மனு என்று சேர்த்துப் போட்டிருக்கிறார். பிரமாணப் பத்திரத்தோடு அந்த ஐநூறு ஐநூறாகப் போன ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் இணைத்திருக்கிறோம். டிஸ்மிஸ் ஆனதே எங்களுக்குத் தெரியாது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை.

நான் முதலில் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றுதான் துள்ளினேன். 2024 மே மாதம் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்போடு வக்கீல்கள் மேல் அங்கே போகும் வழி அடைபட்டுவிட்டதாம். மிச்சம் இருப்பது பார் கவுன்சில், நம் மாநிலத்துக்குச் சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆவது பிரிவில் புகார் கொடுக்கலாம், ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் விசாரணை டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். புகாரை டைப் அடித்து வைத்திருக்கிறேன். மூலப்பத்திரம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, அதைக் கேட்டு தபாலில் நோட்டீஸ் போயிருக்கிறது, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை வரட்டும் என்று காத்திருக்கிறோம்.

உங்கள் கேஸுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் நம்பர் (கேஸின் அடையாள எண்) ஒன்று இருக்கும், இன்றே கேட்டு வாங்குங்கள். அம்மா அதைக் காலண்டர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்துவிட்டார், இப்போது அவரே ஆப்பில் போட்டுப் பார்க்கிறார்.