மெல்போர்னில் முதல் ஐடி வேலை: நிரந்தரமா, ஒப்பந்தமா?

பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) விசாவோடு ஆஸ்திரேலியாவில் வந்து இறங்கி, சீக் என்ற வேலை தேடும் தளத்தைத் திறந்ததுமே வரும் குழப்பம் இது. நிரந்தர வேலையென்றால் வருடத்துக்கு 4 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. உடம்பு சரியில்லை என்றால் அதற்குத் தனியாக 10 நாள். வீட்டுக் கடன் கேட்டால் வங்கியும் முகம் சுளிக்காது. ஆனால் கிடைக்க நாளாகும். இரண்டு மூன்று சுற்று நேர்காணல், நடுவில் ‘உள்ளூர் அனுபவம் உண்டா?’ என்ற கேள்வி. ஊரில் பத்து வருடம் ஜாவா எழுதியதெல்லாம் அங்கே செல்லாக்காசு.

ஒப்பந்த வேலை பெரும்பாலும் நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் வழியாக வரும். நாள் கணக்கில் காசு. காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போச்சு. கிறிஸ்துமஸுக்கு ஆபீஸை மூடினால் வருமானமும் நிற்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஆள் தேடுபவர் அவசரத்தில் இருப்பார். ஒரே நேர்காணலில் முடிந்துவிடுவதும் உண்டு. அப்புறம், முக்கியமான லாபம்: அடுத்த விண்ணப்பத்தில் பரிந்துரைக்குப் பெயர் போட ஓர் உள்ளூர் மேலாளர் கிடைப்பார்.

சில மாத வாடகை கையிருப்பில் இருந்தால் நான் ஒப்பந்தத்தைத்தான் எடுப்பேன். குடும்பத்துக்கு ஒற்றைச் சம்பளம்தான் என்றால் யோசிக்கணும். ஏஜென்ட் திரும்ப அழைக்கவில்லையா? சரி, விடுங்கள், அவருக்குக் கமிஷன் தருவது நிறுவனம், நாமல்ல.