ஆரிகன் சட்டமும் கோழிக்கோட்டு மார்பினும்

புற்றுநோய் முற்றிய ஒருவர் ‘என்னைப் போகவிடுங்கள்’ என்று கேட்டால் மருத்துவம் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய ஹாஸ்பிஸ் வழி: வலியையும் மூச்சுத் திணறலையும் அடக்கி, இறுதிவரை உடனிருப்பது. மற்றொன்று, மருத்துவர் உதவியுடன் இறப்பது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இரண்டாவது வழி 1997 முதல் நடப்பில் இருக்கிறது. ஆறு மாதங்களுக்குள் மரணம் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டும். உயிரை முடிக்கும் மருந்தை நோயாளி தானே உட்கொள்ள வேண்டும். நெதர்லாந்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் மருத்துவரே ஊசி போடலாம். ஆறு மாதக் கெடுவும் இல்லை. கடைசி நொடியிலும் மனம் மாற இடம் தருவதால் ஆரிகன் முறையே எனக்குப் பாதுகாப்பானதாகப் படுகிறது. ஆனால் விழுங்கவும் முடியாத நோயாளியை அது கைவிட்டுவிடுகிறது.

ஆரிகனில் அந்த மருந்தைக் குடித்து இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே ஹாஸ்பிஸ் பராமரிப்பில் இருந்தவர்கள். வலியைவிட, வாழ்க்கை தம் கையைவிட்டுப் போனதையே அவர்களில் அதிகம் பேர் காரணமாகச் சொன்னார்கள். வலி அடங்கிய பிறகும் மிஞ்சும் இந்தத் துயரத்துக்கு ஹாஸ்பிஸிடம் முழு விடை இல்லை. ஹாஸ்பிஸ் தரும் இத்தகைய ஆதரவு சிகிச்சையை மனமார நம்பும் நான் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், கடும் வலியை அடக்கும் மருந்தான மார்பினுக்குப் பல உரிமங்களைக் கேட்டது. பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே இல்லை. திருத்தம் வர 2014 ஆனது. இதற்கிடையே 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஆதரவு சிகிச்சை முயற்சி, அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் துணையோடு வீடு தேடிச் சென்று, கேரளமெங்கும் பரவியது. 2008இல் அம்மாநில அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. மார்பின் எட்டாத ஊரில் சாவைக் கேட்பவருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க வலி தணிக்கும் வழியே இருந்ததில்லை.

2018இல் உச்ச நீதிமன்றம், மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவிகளை விலக்கவும், அந்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கவும் அனுமதித்தது. ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கு அனுமதி இல்லை. அது சரியென்றே நினைக்கிறேன். விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தலை அறிந்தவர்கள் நாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவரைச் சாவுக்கு அனுப்பிவைத்த வீடுகளில் அவருடைய சம்மதத்தை யார் கேட்டார்கள்? ‘பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன்’ என்ற பேச்சையே அவருடைய விருப்பமாகப் பதிவுசெய்யும் எந்தப் படிவத்தையும் என்னால் நம்ப முடியாது.