சிலாப் ஒழுகாது என்றவருக்கு ஐந்தில் இரண்டு புள்ளி

வெள்ளவத்தையில் எங்கள் வீடு பழையது, குசினிக்கு மேலே மட்டும் கொங்கிரீட் சிலாப், மற்றதெல்லாம் ஓடு. அந்தச் சிலாப்புக்கு வோட்டர்புரூஃபிங் அடித்து, கீழே குசினிக்கு டைல்ஸும் பதித்துத் தர ஒரு கொந்தராத்துக்காரரைப் பிடித்தோம். கூலியும் சாமானும் சேர்த்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம். ஆளின் பெயரைப் போடவில்லை, விஷயம் இன்னும் முடியவில்லை.

டைல்ஸுக்கு மனதாரப் புள்ளி கொடுப்பேன். வந்த பாஸ், அதாவது மேசன், கையில் தேத்தண்ணியைக் கொடுத்தாலும், பிடித்த வரிசை முடியும் வரை ஆறவிட்டுத்தான் குடிப்பார், சிங்க்குக்குப் பின்னால் வெட்டி வைத்த துண்டு எது என்று எனக்கே இப்போது தேடத்தான் வேண்டும்.

சிலாப் வேறு கதை. இரண்டு பெடியன்கள் ஏறி ஒரே பின்னேரத்தில் இரண்டு பூச்சையும் அடித்துவிட்டு இறங்கிவிட்டார்கள். முதல் பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது என்று டின்னிலேயே எழுதியிருக்கிறது, எத்தனை மணித்தியாலம் என்றும் போட்டிருக்கிறது, இவர்கள் விட்டது ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம். நான் அந்த டின்னை வாசித்தது எல்லாம் முடிந்து பல மாதத்துக்குப் பிறகு, கொல்லையில் கிடந்ததை எடுத்து. அன்றைக்குக் கேட்டபோது கொந்தராத்துக்காரர் சொன்னது, "அக்கா, நான் உங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி, பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு இறங்காது." அந்தப் பத்து வருஷம் எந்தக் கடதாசியிலும் இல்லை. மச்சாள் சொல்லி அனுப்பிய ஆள், அவரிடம் போய் எழுதித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேன், அது என் பிழைதான்.

ஜனவரியில் வேலை முடிந்தது, முழுக்காசும் கொடுத்தாயிற்று. பெப்ரவரி, மார்ச் எல்லாம் நல்ல வெயில். மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கின முதல் கிழமையே ரைஸ் குக்கர் மூடிமேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. போன் எடுத்தால் "நாளைக்கு வாறன் அக்கா", பிறகு போனே எடுக்கவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சாமானுக்கு மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. காசு வாங்கி ஒரு சேவை செய்கிறவர், வாயால் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அதைக் கவனமாகவும் திறமையாகவும் செய்கிறேன், போடுகிற சாமான் வேலைக்கு ஏற்றது என்று உத்தரவாதம் கொடுத்ததாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மீறினால் நட்டஈடு கொடுக்கச் சொல்லவோ காசைத் திருப்பச் சொல்லவோ அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்து விசாரிக்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், அதுவும் சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள். எனக்கு நாலு மாதம் தாண்டிவிட்டது. கொழும்பில் ஜனவரியில் சிலாப் வேலை முடித்தால் அந்த மூன்று மாதமும் பெரும்பாலும் வெயிலிலேயே கழிந்துவிடும். ஒழுகுமா இல்லையா என்று தெரிவதற்கு முதலே முறைப்பாட்டுக் கதவு மூடிவிடுகிறது. டீவி, பிரிட்ஜ் வாங்குகிறவர்களுக்கு மூன்று மாதம் போதும், கட்டிட வேலைக்கு இது சரியான கணக்கே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அதற்காக எல்லாம் போச்சு என்று இல்லை. வழக்கென்று போனால் காலாவதிச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருஷம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருஷம். ஒரு பக்கக் கடதாசி இல்லாததால் நான் பாதியை இழந்தேன். நல்லகாலம், கோட்டேஷனை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், பத்து வருஷக் கதையையும் ஒரு வொய்ஸில் திரும்பச் சொல்லியிருந்தார். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு போனில் வந்தது என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்கிவிட முடியாது, அதனால் ஒன்றையும் அழிக்காதீர்கள்.

வக்கீலிடம் ஓடாமல், பிணக்கைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போனேன். சனிக்கிழமை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப்பிள்ளைகளின் வாங்கில் மூன்று மத்தியஸ்தர்களுக்கு முன்னால் நானும் அவரும். வக்கீல் இல்லை, கத்தலும் இல்லை. நான் மேசையில் வைத்தது அந்தக் காலி டின்னும் போனும்தான். டின்னில் இருந்ததை ஒருவர் சத்தமாக வாசித்தார், "வீட்டுப் பிள்ளை" தலையைக் குனிந்துகொண்டார். எண்பதாயிரம் திருப்பித் தருவதாக, இரண்டு தவணையில், கையெழுத்து வைத்தார்.

இப்போது சிலாப்பைத் திரும்பச் செய்ய வேறு ஆள் பார்க்கிறேன். விஜேராம மாவத்தையில் இருக்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, சீடா என்றால்தான் பலருக்குத் தெரியும், அங்கே பதிந்த ஆளா, என்ன தரம் என்று முதலில் கேட்கிறேன். குசினிக்கு மேல் ஒரு சிலாப்புக்குப் பதிந்த ஆட்கள் வர மாட்டார்கள் என்று சிலர் சிரிக்கிறார்கள், அதுவும் உண்மைதான், சின்ன வேலைக்குக் கிடைப்பது பாஸ்தான். அப்படியென்றால் கடதாசியை நான்தான் எழுத வேண்டும்: எந்த வோட்டர்புரூஃபிங் மருந்து, எத்தனை பூச்சு, இடையில் எவ்வளவு நேரம். முடிந்ததும் தண்ணி போகும் ஓட்டையை அடைத்து ஒரு நாள் முழுக்க சிலாப்பில் தண்ணி கட்டிப் பார்ப்பேன், கீழே ஈரம் இல்லை என்றால்தான் கடைசிக் காசு, அதிலும் ஒரு பங்கைப் பெருமழை வரும் வரை கையில் வைத்திருப்பேன். இதைச் சொன்னதுமே ஒருவர் "அக்கா, என்னில நம்பிக்கை இல்லையா" என்று கேட்டுவிட்டுப் போனார். போகட்டும்.

முதல் தவணை நாற்பதாயிரம் வந்துவிட்டது. மற்றது அடுத்த மாதம் பத்தாம் திகதி, அதுவும் வந்தால் இரண்டை மூன்றாக மாற்றுகிறேன், டைல்ஸ் பாஸுக்காக.