ரோட்டரி டேபிளுக்கு அப்சல்யூட் என்கோடர்: சில வருடம் ஓட்டிய அனுபவம்

பெங்களூரு பீன்யாவில் எங்கள் ஷாப்பில் ஓடும் ஃபைவ் ஆக்சிஸ் மெஷினின் ரோட்டரி டேபிளில் (ஜாப்பைத் திருப்பும் சுழல் மேடை), பழைய இன்கிரிமென்டல் என்கோடரைக் கழற்றிவிட்டு அப்சல்யூட் ரிங் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. டேபிள் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று படிக்கும் சென்சார்தான் என்கோடர். இன்கிரிமென்டல் வகை ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணிக்கொண்டே வரும்; அப்சல்யூட் வகை ஆன் செய்ததுமே கோணத்தைச் சொல்லிவிடும். வாங்கப் போகிறவர்கள் கேட்டலாகில் இருக்கும் பிட் கணக்கில் மயங்கிவிட வேண்டாம். 26 பிட் என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 6.7 கோடி நிலைகள். எவ்வளவு பொடியாகப் பிரித்துப் படிக்கும் என்பதற்குத்தான் அந்தக் கணக்கு. படித்தது சரியா என்பது ரிங்கைப் பொருத்தும் கையில் இருக்கிறது.

200 மி.மீ. விட்டமுள்ள ரிங், மையத்திலிருந்து 5 மைக்ரான் விலகி உட்கார்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட 10 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) முன்னும் பின்னும் பிழை வரும். மையத்திலிருந்து 200 மி.மீ. தள்ளிப் போடும் துளையில் அது 10 மைக்ரான். எங்கள் ஃபிட்டர் ஓசூர்க்காரர். டயல் கேஜை வைத்துக்கொண்டு ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார், முள் அடங்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அப்படி ஒருவர் கிடைத்தால் ரெனிஷா ரெசல்யூட் மாதிரி திறந்த ரிங் தாராளமாகப் போடலாம். எதிரே 180 டிகிரியில் இன்னொரு ரீட்ஹெட் (ரிங்கைப் படிக்கும் தலை) வைத்துச் சராசரி எடுத்தால் மைய விலகல் பிழை அடிபட்டுப் போகும். ஆள் இல்லையென்றால் ஹைடன்ஹைன் ஆர்சிஎன் போல பேரிங்கோடு மூடி வருவதே நல்லது.

கரன்ட் போய் வரும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. டேபிள் சாய்ந்திருக்க, டிரில் ஜாப்புக்குள் மாட்டி நிற்கும். முன்பெல்லாம் ஹோமிங் எடுக்க, அதாவது தொடக்கப் புள்ளியைத் தேட, டேபிளைச் சுற்றவும் முடியாது, சும்மா விடவும் முடியாது. இப்போது ஆன் செய்ததுமே கோணம் திரையில் நிற்கிறது. டூலை அதே சாய்வில் பின்னால் இழுத்துவிடலாம். ஆனால் டேபிளில் இல்லாமல் மோட்டாரில் இருக்கும் என்கோடரையும் அப்சல்யூட் என்றுதான் விற்பார்கள். சுற்று எண்ணிக்கையை பேட்டரியில் வைத்திருக்கும் வகை அதில் உண்டு. பேட்டரி தீர்ந்தால் நிலையும் போச்சு. கேட்டு வாங்குங்கள்.

கன்ட்ரோலர் பெயரை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். என்கோடரோடு பேசும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. சீமென்ஸுக்கு டிரைவ்-கிளிக், ஹைடன்ஹைனுக்கு என்டாட், ஃபானக்குக்கு அதன் சொந்த சீரியல்.

மூடிய வகைக்குள் அழுக்கு புகாமலிருக்கக் காற்று கொடுக்கிறீர்களா? மழைக்காலத்தில் கம்ப்ரெஸர் லைனில் தண்ணீர் வரும். தனி ஃபில்டரும் டிரையரும் இல்லாமல் அந்தக் காற்றை உள்ளே விடவே கூடாது.

சாதாரண பிராக்கெட்டில் 90 டிகிரிக்கு ஒரு துளை போடும் வேலை மட்டும்தான் என்றால், வொர்ம் கியர் டேபிளும் மோட்டார் என்கோடருமே போதும். இந்தப் பணத்தை ஜாப்பைப் பிடிக்கும் நல்ல ஃபிக்ஸ்சரில் போடுங்கள்.