ஒரு சைக்கிள் கழகத்தின் ஆண்டு நிரல்: உறுப்பினர் ஒருவரின் மதிப்பீடு

கிளிநொச்சியில் நான் சேர்ந்திருக்கும் சைக்கிள் கழகம் தைப்பொங்கலுக்கு முன்னதாக ஒற்றைத் தாளில் அச்சிட்டுத் தரும் ஆண்டு நிகழ்ச்சி நிரலைக் கடந்த ஆண்டு முழுவதும் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்து, அதிலுள்ள பன்னிரண்டு நிகழ்வுகளில் ஒன்பதுக்குச் சென்று வந்த பின்னர் இதை எழுதுகிறேன். குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருப்பதால் கழகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். சந்தா ஒரு நல்ல ரயரின் விலையை எட்டாது; அந்தப் பணத்துக்கு இந்தத் தாள் தருவது அதிகம். ஆனால், அதிலுள்ள திகதிகளை நம்பலாமே தவிர, நேரங்களை நம்ப முடியாது.

திகதிகளைக் குறித்தவர்கள் வன்னியின் காற்றையும் வயலையும் அறிந்தவர்கள் என்பது முதற் பார்வையிலேயே தெரிகிறது. பரந்தனிலிருந்து ஆனையிறவு நோக்கிச் சென்று திரும்பும் 40 கிலோமீற்றர் தனிநபர் நேரப் போட்டியை அவர்கள் பங்குனியில் வைத்திருக்கிறார்கள். வடகீழ்க் காற்றான வாடை ஓய்ந்து, தென்மேற்குக் காற்றான சோழகம் எழும்பாத இடைக்காலம் அது. பரந்தனைத் தாண்டினால் வெளியும் களப்புமாக ஒதுங்க மரமற்ற பாதை என்பதால், சோழகக் காலத்தில் போகும்போது முதுகில் தள்ளும் காற்று திரும்பும்போது நெஞ்சில் மோதும். போக வர இரண்டும் சமமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. காற்றில்லாத நாளில் மணிக்கு 32 கிலோமீற்றர் ஓடக்கூடிய ஒருவர் 75 நிமிடத்தில் முடிப்பார். அவரே காற்றோடு 40 வேகத்தில் போய், எதிர்க்காற்றில் 24 வேகத்தில் திரும்பினால், போகும்போது 30 நிமிடமும் வரும்போது 50 நிமிடமுமாக 80 நிமிடம் எடுப்பார். எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் கிடந்து மாரடிக்க வேண்டியிருப்பதால், பெற்றதை விட இழந்தது அதிகமாகிவிடுகிறது.

மாசியில் போட்டி எதுவும் இல்லாததற்குக் காரணம் காலபோக அறுவடை. அந்த நாட்களில் வீதியின் ஒரு பாதி நெல் காயும் களமாகிவிடும். நிரலின் அடிக்குறிப்பில் 'நெல் காயுமிடத்தில் இறங்கி உருட்டவும்' என்று ஒரு வரி இருக்கிறது. சைக்கிளோட்ட விதிகளில் இப்படியொன்று வேறெங்கும் உண்டா தெரியவில்லை. இங்கே அதை எவரும் மீறி நான் கண்டதில்லை. மே 18ஆம் திகதி வரும் வாரத்துக்குரிய கட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. காரணம் அச்சிடப்படவில்லை, இங்கே எவருக்கும் அது தேவையும் இல்லை.

ஒன்றுகூடல் நிகழ்வுகளே இந்த நிரலின் உயிர். வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் பரந்தன், புதுக்குடியிருப்பு வழியாக இரவில் ஒன்றாகச் செல்லும் பயணம் அவற்றுள் ஒன்று. நிலவு வெளிச்சத்தில், வேகம் கூடியவர் குறைந்தவருக்காகக் காத்து நின்று, தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் மோரோ சர்க்கரைத் தண்ணீரோ குடித்துச் செல்லும்போது, ஐம்பது கிலோமீற்றரின் நீளம் உடம்பில் உறைப்பதில்லை. யானைகளுக்காக ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையை இரவில் தவிர்த்தது சரியான முடிவு.

சித்திரைப் புத்தாண்டில் நடக்கும் மெதுவான சைக்கிளோட்டத்தைச் சிறுவர் விளையாட்டென்று நினைத்துச் சென்றேன். கோட்டுக்குள் நிற்க வேண்டும், கால் நிலத்தில் படக்கூடாது, கடைசியாக வருபவரே வெற்றியாளர். ஒல்லி ரயரும் குனிந்த கைபிடியும் கொண்ட பந்தயச் சைக்கிள்கள் முதல் நிமிடத்திலேயே சரிந்து விழ, கரியரில் சாக்குக் கட்டிய பழைய லுமாலா சைக்கிளில் வந்த ஒரு விவசாயி, பெடலை அரைச்சுற்று முன்னும் பின்னுமாக அசைத்தபடி, பிரேக்கை விட்டும் பிடித்தும் எறும்பு ஊர்வது போல ஊர்ந்து வந்து எங்கள் எல்லோரையும் தோற்கடித்தார். வரம்பில் சைக்கிள் ஓட்டிப் பழகியவருக்கு அந்தக் கோடு பெருந்தெருவாகத் தெரிந்திருக்கும்.

மழைக்காலமான ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வெளி ஓட்டம் எதுவுமில்லை. அதற்குப் பதிலாக மாதம் ஒரு திருத்தப் பட்டறை நடக்கிறது. ரியூப் ஒட்டுவதையும் சங்கிலி கழற்றிப் பூட்டுவதையும் இளையவர்கள் கற்கிறார்கள். கடந்த கார்த்திகையில் மூத்த உறுப்பினர் ஒருவர், தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றரியும் அருமையாகிப்போன காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் பெடல் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட முறையை எங்களுக்குச் செய்து காட்டினார். வானொலி பேசத் தொடங்கியதும் பட்டறையில் சத்தம் அடங்கிவிட்டது.

இனிக் குறைகள். ஆடியில் நடக்கும் பெரும் வீதிப் பந்தயம் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துத் தொடங்குகிறது. பின்னர் மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு என்று சுற்றிப் பரந்தனில் முடிகிறது. ஏறத்தாழ 120 கிலோமீற்றர் நீளமான அழகான பாதை அது. ஓடும் திசைதான் பிழை. களைத்துப்போன கால்களோடு முல்லைத்தீவிலிருந்து மேற்கே திரும்பும்போது, காடு குறைந்த கடைசி ஐம்பது கிலோமீற்றரில் சோழகம் இடப்புறமாகவும் முன்னாலும் வந்து அறைகிறது. ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி ஓடத் தெரிந்த சிலர் தப்பிக்க, மற்றவர்கள் தனித்தனியே சிதறிப்போகிறார்கள். இதையே பரந்தனில் தொடங்கி எதிர்த்திசையில் ஓடினால், திறந்த வெளியில் காற்று தள்ளிவிடும். மேற்கே திரும்பும் ஒட்டுசுட்டான், மாங்குளம் பகுதியில் காடு காற்றை மறைக்கும். முடிவில் முறிகண்டிக் கச்சான் கடலையும் கிடைக்கும். தேங்காயை ஓடி முடித்த பிறகு உடைத்தால் பிள்ளையார் கோபிக்கப் போவதில்லை.

நிரலில் இந்தப் பந்தயம் காலை 6.00 மணிக்கு என்று இருக்கிறது. கடந்த ஆண்டு கொடி அசைந்தபோது 7.20. பிரதம விருந்தினர் வரவேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும், மூவர் பேச வேண்டும். அதுவரை நாற்பது பேர் ஒரு காலை ஊன்றியபடி வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விருந்தினர் எவரும் அழைக்கப்படாத ஒன்றுகூடல் பயணங்கள் ஒன்றுகூடப் பிந்தவில்லை என்பதைக் கழகத்தார் கவனிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை பெண்களுக்கான போட்டி. ஆண்டு முழுவதுக்கும் ஒன்றே ஒன்று, அதுவும் வெறும் 10 கிலோமீற்றர், ஆடிப் பந்தயத்தின் இடைநேரத்தை நிரப்புவதற்கென ஒன்பதரை மணி வெயிலில். பாடசாலைக்கும் ரியூசனுக்கும் நாள்தோறும் அதைவிடத் தூரம் மிதிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். வற்றாப்பளைப் பயணத்தில் என்னை முந்திச் சென்றவர்களிலும் பாதிப் பேர் பெண்கள்.

அடுத்த ஆண்டுக்கான சந்தாவைக் கட்டிவிட்டேன். கட்டிய அன்றே நிர்வாகக் கூட்டத்தில், பெண்கள் போட்டியை 40 கிலோமீற்றராக்கிப் பங்குனிக்கு மாற்றி, காலை ஆறு மணிக்கு முதல் போட்டியாக நடத்தும்படி கேட்டேன். செயலாளர் தம்மிடமிருந்த வரைவுத் தாளில் அதைக் குறித்துக்கொண்டார், பென்சிலால்.