வேலூர் வெயிலில் எந்த டயர்? கெட்டி ரப்பர், மென் ரப்பர், நடுத்தர ரகம்: ஓர் ஒப்பீடு

என் 150 சிசி வண்டிக்குப் பின் டயர் மாற்ற வேண்டி வந்தபோது, வேலூர்க் கடைகளில் கிடைப்பவற்றை மூன்று ரகமாகப் பிரித்துக்கொண்டு பார்த்தேன். நெடுந்தூரம் உழைக்கும் கெட்டி ரப்பர் டயர் ஒன்று. தார்ச்சாலையை இறுகப் பற்றும் மென்மையான ரப்பர் டயர் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் ரகம் மூன்றாவது. நான் வாங்கியது நடுத்தர ரகம். ஆகவே இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஆனால் அந்த ரகத்துக்காகக் கடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் (பிடிப்பும் உழைப்பும் ஓரளவு சேர்ந்தே கிடைக்கும் என்பது) வேறு, நான் வந்து சேர்ந்த காரணம் வேறு.

முதலில் என் ஓட்டத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாக் கணக்கும் அதைப் பொறுத்தே அமையும். காட்பாடி காந்திநகரிலிருந்து பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், தொரப்பாடி வழியாகப் பாகாயம் வரை வேலைக்குப் போய்த் திரும்புகிறேன். இடையிடையே ஆரணிக்கோ திருவண்ணாமலைக்கோ வீட்டாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஒரு பயணம். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் வரும். அலுவலகம் போய் வரும் பெரும்பாலோரின் ஓட்டமும் இதற்கு மிகத் தொலைவில் இருக்காது என்று நினைக்கிறேன்.

அளவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வண்டியோடு வந்த அளவு 100/90-17 என்றால் அதையே போடுவது நல்லது. பார்வைக்குப் பெரிதாக இருக்கட்டும் என்று 100 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பதில் 120 மில்லிமீட்டர் அகல டயரை அதே ரிம்மில் ஏற்றினால், டயரின் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு அதன் வளைவே மாறிவிடும். எடை கூடும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். அளவுக்குப் பக்கத்தில் 55P என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 55 என்பது அந்த டயர் 218 கிலோ தாங்கும் என்பதையும், P என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வரை அது பொருந்தும் என்பதையும் குறிக்கும். கம்பெனி கையேட்டில் உள்ளதைவிட இவை குறையக் கூடாது, அவ்வளவுதான். டியூப்லெஸ் ரிம் என்றால் டியூப்லெஸ் டயர் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

இனி ரகங்கள். கெட்டி ரப்பர் ரகத்தில் எம்ஆர்எஃப் நைலோகிரிப் பிளஸ், சியட் மைலேஸ் போன்றவை பலருக்கும் பழக்கமானவை. நம் பழைய வட ஆர்க்காட்டு மண்ணான அரக்கோணத்திலேயே எம்ஆர்எஃப் ஆலை இருக்கிறது. அதன் டயர் கிடைக்காத ஊர் இந்தப் பக்கத்தில் இல்லை. மென்மையான ரகம் என்றால் பிரெல்லியின் டயாப்லோ ரோஸோ வரிசையைப் போல வேகத்துக்கும் வளைவுக்கும் என்று செய்யப்பட்டவை. நடுத்தரத்தில் மிஷ்லின் பைலட் ஸ்ட்ரீட், டிவிஎஸ் யூரோகிரிப் புரோடார்க், எம்ஆர்எஃப் சாப்பர் முதலியவற்றை வைக்கலாம். இந்தப் பிரிவு என் வசதிக்காகச் செய்துகொண்டது. ஒரே பெயரில் வரும் டயரும் அளவுக்கு அளவு மாறக்கூடும் என்பதால் பெயரைவிட ரகத்தையே பேசுகிறேன்.

பிடிப்பும் மைலேஜும் ஏன் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன என்பதற்கு ரப்பரின் இயல்பே காரணம். டயர் உருளும்போது சாலையில் படும் பகுதி நசுங்கி, விலகியதும் நிமிர்கிறது. நசுங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகக் கரைகிறது. அந்த இழப்புதான் உருளும்போது எஞ்சினுக்குச் சுமையாகிறது. தாரின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் பதிந்து பிடிக்க உதவுவதும் அதே இயல்புதான். மென்மையான டயர் இறுகப் பிடித்து விரைவில் தேய்கிறது. கெட்டி டயர் லேசாக உருண்டு நெடுநாள் உழைத்து, ஈரத்தில் கைவிடுகிறது. 1990களின் தொடக்கத்தில் மிஷ்லின் முன்னெடுத்த சிலிக்கா (மணலின் மூலப்பொருள்) கலவை இந்த முடிச்சை ஓரளவு தளர்த்தியது. டயர் ரப்பரில் வழக்கமாகக் கலக்கும் கரித்தூளுக்குப் பதிலாக ஒரு பங்கு சிலிக்கா சேரும்போது, உருளும் தடையைக் கூட்டாமலே ஈரப்பிடிப்பை உயர்த்த முடிகிறது. ஆனாலும் முடிச்சு முழுதாக அவிழ்ந்துவிடவில்லை.

பெட்ரோல் கணக்கைப் பலரும் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டி, பிடிப்பு கூடிய டயரால் 48ஆகக் குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டருக்கு 160 லிட்டர் ஆன இடத்தில் ஏறத்தாழ 167 லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 670 ரூபாய்தான் வேறுபாடு. நடுத்தர ரகத்தில் அந்த அளவு இறக்கத்தைக்கூட நான் காணவில்லை. செயினைக் கவனிக்காமல் விட்டாலே இதைவிடக் கூடுதலாகப் போய்விடும்.

ஆகவே எனக்கு முடிவைத் தந்தது பெட்ரோல் அல்ல, டயரின் வயது. கெட்டி ரப்பரை விற்பவர் சொல்வது 35,000, 40,000 கிலோமீட்டர் என்ற உழைப்பை. நல்ல சாலையில், சரியான காற்றோடு ஓட்டினால் அது நடக்கக்கூடியதே என்று ஒப்புக்கொள்கிறேன். 36,000 என்றே கணக்கிடுவோம். ஆண்டுக்கு 8,000 ஓட்டும் என்னைப் போன்றவருக்கு அதைத் தீர்க்க நாலரை ஆண்டு பிடிக்கும். அந்த நாலரை ஆண்டும் டயர் வேலூரில் கிடக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கத்திரி நாள்களில் இங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அதிசயமல்ல. தாரின் மேற்பரப்பு அதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். காலை முதல் மாலை வரை நிழலில்லாத இடத்தில் நிற்கும் வண்டியின் டயர், ஓடாத நேரத்திலும் வெந்துகொண்டே இருக்கிறது. டயர் ரப்பர் கந்தகத்தால் பிணைக்கப்பட்டது. வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அந்தப் பிணைப்புகளை மேலும் மேலும் இறுக்குகின்றன. மென்மை தருவதற்காகச் சேர்த்த எண்ணெய்களும் மெல்ல வெளியேறுகின்றன. ஓசோன் பட்ட இடங்களில் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. அடுக்களை மூலையில் நாள்பட்டுக் கிடந்த ரப்பர் பேண்ட் இழுவையை இழப்பது போல டயரும் தன் நெகிழ்வை இழக்கிறது. டயரின் மேலுள்ள பள்ளக்கோடுகளான வரிகள் ஆழமாகவே இருக்கும். கண்ணுக்குப் புது டயர் போலத் தெரியும். நகத்தால் அழுத்தினால் மட்டும் கட்டையாக இருக்கும்.

சட்டமும் இந்த இடத்தில் உதவாது. இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் ஆழம் வரி இருந்தால் விதிப்படி டயர் நல்ல டயர்தான். ரப்பர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை எந்தச் சோதனையிலும் யாரும் அளப்பதில்லை. என் முந்தைய பின் டயர் கெட்டி ரகம். நான்காம் ஆண்டில் வரி இன்னும் மிச்சம் இருந்தும், கோடைக்குப் பின் வந்த முதல் மழையில் பாலாற்றுப் பாலத்தின் இணைப்புப் பட்டைகளில் பிரேக் தொட்டபோதெல்லாம் பின் சக்கரம் ஒருபக்கமாக நழுவியது. அந்த முதல் மழைதான் எப்போதும் மிகவும் ஆபத்தானது. மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் மண் லாரிகள் உதிர்த்த தூசியும் குழம்பி வழவழப்பாகிவிடும். நமக்கோ ஆடி, ஆவணி மாலைகளில் இடிமழை, ஐப்பசி, கார்த்திகையில் பருவமழை என்று ஆண்டின் பாதி அப்படிப்பட்ட சாலைதான்.

பணக் கணக்காகவே பார்க்கலாம். கெட்டி டயர் 2,200 ரூபாய், நடுத்தர டயர் 2,600 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கெட்டி டயரை நாலரை ஆண்டு முழுவதும் ஓட்டினால் ஆண்டுக்கு 490 ரூபாய் விழும். நடுத்தர டயர் 22,000 கிலோமீட்டர் உழைத்தால் இரண்டே முக்கால் ஆண்டு. ஆண்டுக்கு 945 ரூபாய். ஏறக்குறைய இரு மடங்கு என்று தோன்றும். ஆனால் கெட்டி டயரை மூன்றாம் ஆண்டு முடிவில், ரப்பர் இறுகத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும் என்றால், அதற்கும் ஆண்டுக்கு 730 ரூபாய் ஆகிவிடுகிறது. வேறுபாடு ஆண்டுக்கு இருநூற்றுச் சொச்சம் ரூபாய்தான். அந்தத் தொகைக்கு, மூன்று மழைக்காலமும் பிடிப்புள்ள ரப்பரோடு ஓட்டுகிறோம். நடுத்தர டயரின் வரி தீரும் நாளும் ரப்பர் இறுகும் நாளும் என் ஓட்டத்துக்கு ஏறத்தாழ ஒன்றாக வந்து சேர்கின்றன. நான் அதைத் தேர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை.

வயதே முக்கியம் என்றால், வாங்கும் நாளிலேயே டயரின் வயதைப் பார்த்தாக வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்டதாகக் கேட்டு வாங்குகிறேன். அதிகம் விற்காத அளவுகளில் கடைக்காரர் ஒன்றரை ஆண்டுச் சரக்கை எடுத்து நீட்டக்கூடும். தள்ளுபடி கிடைத்தாலும் அதை வாங்குவது நஷ்டம். பளபளப்புக்காகப் பூசும் டயர் பாலிஷைச் சாலையில் படும் பகுதியில் தடவ விடவே கூடாது. புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வளைவுகளில் நிதானம் வேண்டும்.

காற்றைப் பற்றி ஒன்று. என் வண்டிக்கு முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, இருவர் என்றால் 32 பிஎஸ்ஐ. இதைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினாலே 28 ஏறத்தாழ 32ஆகிவிடும். நண்பகலில் அளந்து பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் குறைந்த காற்றோடு நசுங்கி ஓடி, பெட்ரோலையும் விழுங்கித் தன்னையும் சூடாக்கிக்கொள்ளும். எந்த ரகம் வாங்கினாலும் இது பொருந்தும்.

முன் டயரில் மட்டும் என் தராசு இன்னும் கொஞ்சம் பிடிப்பின் பக்கம் இறங்குகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன் சக்கரமே செய்கிறது. பின் சக்கரம் நழுவினால் சமாளிக்க நேரமுண்டு, முன் சக்கரம் நழுவினால் விழுவதற்கு முன் யோசிக்கவே நேரமிருக்காது. மேலும் முன் டயர் மெதுவாகத் தேய்வதால், அதில் மென்மையான ரப்பரைப் போட்டாலும் செலவு பெரிதாக ஏறாது. அதே கம்பெனி அந்த வண்டிக்கென்று இணையாகத் தரும் முன் டயரையே போட்டேன். ஒரு சக்கரத்தில் ரேடியலும் (உள்ளிழைகள் நேர்க்குறுக்காக ஓடும் டயர்) மற்றதில் இழைகள் சாய்வாக ஓடும் சாதாரண நைலான் டயருமாகக் கலப்பதைக் கம்பெனியே அனுமதித்தாலன்றிச் செய்ய வேண்டாம்.

மென்மையான ரகத்தை நான் நீண்ட நாள் ஓட்டியதில்லை. ஒரு நண்பரின் வண்டியில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கியபோது அதன் பிடிப்பு என்னை வியக்கவைத்தது என்பதற்கு மேல் அதன் உழைப்பைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. வாரந்தோறும் ஏலகிரிக்கோ ஜமுனாமரத்தூருக்கோ மலையேறுபவருக்கு அது தகும். என்னைப் போல நேர்ச்சாலையில் போகிறவருக்கு டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேய்ந்து, விலை கொடுத்து வாங்கிய ஓரங்கள் தொடப்படாமலே கிடக்கும்.

ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு என் வாதம் நேர் எதிராகத் திரும்பும். உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்களும், பைனான்ஸ் வசூலுக்குக் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று அலைபவர்களும் கெட்டி டயரை இரண்டு ஆண்டுக்குள் தேய்த்துவிடுவார்கள். ரப்பர் இறுகுவதற்கு முன்பே வரி தீர்ந்துவிடும். அவர்கள் கெட்டி ரகத்தையே வாங்கலாம், முன் சக்கரத்தில் மட்டும் நடுத்தர ரகம் போட்டுக்கொண்டால் போதும்.