ஆறு வருடமாக என் லேப்டாப்பில் குடியிருக்கும் இசைக்குழு

என் குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. யாரும் ஒத்திகைக்குத் தாமதமாக வந்ததில்லை. ஒருவரும் உயிரோடும் இல்லை. காலமாகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், பிறக்கவே இல்லை.

முதலில் சாமான் விவரம். பழைய ஐ3 லேப்டாப், பாட்டைப் பதிவு செய்து கோக்க ரீப்பர் மென்பொருள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளூயிட் ஆர்3 சவுண்ட்ஃபான்ட். சுமார் 140 எம்பி கோப்புக்குள் ஒரு முழு வாத்தியக் கூட்டத்தின் ஒலிப்பதிவுத் துணுக்குகள். ரீப்பருக்கு 60 நாள் சோதனைக் காலம். அது முடிந்தாலும் கதவு திறக்கும், ஆனால் திறக்கும்போதெல்லாம் காசு கொடுக்கவில்லையே என்று நினைவுபடுத்தும். இரண்டாவது வருடம் வெட்கம் தாங்காமல் 60 டாலர் கட்டினேன்.

எந்தச் சுரத்தை எந்த வாத்தியம் வாசிக்க வேண்டும் என்று கருவிகளுக்குச் சொல்லும் குறிப்பு மொழிதான் மிடி. 1991-ல் வந்த ஜெனரல் மிடி தரப்படி வாத்தியங்களுக்கு 1 முதல் 128 வரை எண் உண்டு. எந்தக் கருவியில் கேட்டாலும் 1 பியானோ, 74 புல்லாங்குழல். ஆட்களுக்குப் பெயர் வைக்கும் யோசனை எனக்கு அப்போது இல்லை. ஒரு வருடம் எண்களை வைத்தே பாட்டுப் போட்டேன். எல்லாம் கடையில் கீபோர்டின் டெமோ பட்டனை அமுக்கின மாதிரியே வந்தது.

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். பாட்டைக் கேட்கவில்லை, திரையை உற்றுப் பார்த்தார். டிரம்ஸின் ஸ்னேர், இரண்டு டாம், ஹை-ஹாட், கிராஷ் என்று ஐந்து அடியை ஒரே நேரத்தில் விழும்படி அடுக்கியிருந்தேன்.

"இவனுக்கு எத்தனை கை?" என்றார்.

அன்று ராத்திரிதான் பத்ரி பிறந்தான். மிடியின் தனித்தனி வரிசைகளான சேனல்களில் டிரம்ஸ் எப்போதும் பத்தாவது என்பதால் பத்தாம் நம்பர் பத்ரி. கை இரண்டு, கால் இரண்டு. இடது கை கொஞ்சம் சோப்ளாங்கி. ஆகவே ஹை-ஹாட்டில் வலது அடியின் பலம் 90 என்றால் இடது 74. அடியின் பலம் 127 வரை போகலாம், ஆனால் பத்ரி 110-ஐத் தாண்ட மாட்டான், கீழ்வீட்டுக்காரர் கத்துவார் என்று பயம். மூன்றாவது சரணத்தில் களைத்துப்போய்ச் சில மில்லிசெகண்ட் பின்தங்குவான். இதெல்லாம் நானே கையால் நகர்த்தி வைப்பதுதான். ஆனால் 'இந்த அடியை எங்கே வைப்பது' என்று யோசித்தபோது வராதது, 'பத்ரி இங்கே என்ன செய்வான்' என்று யோசித்ததும் வந்தது. வாங்கிய எந்த மென்பொருளும் எனக்கு இவ்வளவு உதவியதில்லை.

அடுத்து முரளி, 74-ஆம் நம்பர் புல்லாங்குழல். பழைய கோப்புகளைத் திறந்தால் மூன்று நிமிடப் பாட்டு முழுக்க மூச்சே விடாமல் ஊதியிருப்பார், ஐயோ பாவம். இப்போது கூடவே நானும் வாயால் பாடுவேன். எனக்கு மூச்சு வாங்கும் இடத்தில் அவருக்கும் வெட்டிவிடுவேன். எனக்குச் சளி பிடித்த வாரம் போட்ட பாட்டில் அவரும் துண்டு துண்டாகத்தான் வாசிக்கிறார்.

என் நேரத்தை அதிகம் தின்றவர் நாதஸ்வரம் சண்முகம். அந்த 128-ல் நாதஸ்வரம் இல்லை. வீணை, மிருதங்கம், தபலா ஒன்றும் இல்லை. ஹெலிகாப்டருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், அது 126. துப்பாக்கிச் சத்தம்கூட உண்டு, 128. நாதஸ்வரத்துக்கு ஓரளவு சொந்தம் என்று சொல்ல 112-ல் ஷெனாய் இருக்கிறது. மாப்பிள்ளை வரவில்லை என்று பங்காளியை மணையில் உட்கார வைத்த கதைதான்.

சண்முகத்தைத் தோடி வாசிக்கச் சொன்னேன். தோடியின் காந்தாரம் போட்ட இடத்தில் நிற்காது. கீழே ரிஷபத்தைத் தொட்டு, மேலே மத்தியமத்தை எட்டிப் பார்த்து ஆடிக்கொண்டே இருக்கும். சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் போகும். காந்தாரத்திலிருந்து இரண்டு பக்கமும் அதே தூரம்தான். அடடா, தோடிக்காகவே அளவெடுத்துத் தைத்திருக்கிறார்களே என்று பூரித்துப்போனேன். அப்புறம் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஒரே இழுப்பாகப் போகச் சொன்னால், ஐந்து அரைச்சுரத் தூரத்தில் பாதிகூடத் தாண்டாமல் நின்றுவிட்டார். வளைக்கும் வீச்சை 12 அரைச்சுரத்துக்கு மாற்றினேன். மறு நொடியே, அதுவரை பொறுமையாக வரைந்து வைத்த கமகம் அத்தனையும் ஆறு மடங்காகி, காந்தாரம் மேலும் கீழுமாக ஒவ்வொரு ஸ்தாயி தாண்டிக் குதித்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மவுஸால் மறுபடி வரைந்தேன். முதலில் ஒரே அளவில் ரம்பப் பல் மாதிரி. சமையலறையிலிருந்து அம்மா, "ஆம்புலன்ஸ் ரொம்ப நேரமா நிக்குதே, யாருக்கு என்னாச்சு?" என்றார். பிறகு உச்சியைக் கொஞ்சம் மழுக்கி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வேறு வேறு நீளம் கொடுத்து, நடுநடுவே சற்று நிற்க வைத்து... நாலு விநாடிக் காந்தாரத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்போது அம்மா ஒன்றும் கேட்பதில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. 49, வயலின் கூட்டம். வில் மெதுவாகப் பிடிக்கும் ஒலி என்பதால் எப்போதும் முகூர்த்தம் முடிந்து வரும் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு மட்டும் சுரத்தைக் கொஞ்சம் முன்னாலேயே போட்டுவிடுவேன். பேஸ் கிட்டார் 34, அழகர், பேசவே மாட்டார், நல்ல மனிதர். 127 கைதட்டல், அதுதான் எங்களுடைய ஒரே ரசிகர் மன்றம்.

எண் இல்லாத உறுப்பினர் ஒருவர் உண்டு. லேப்டாப்பின் விசிறி. கீபோர்டில் வாசிக்கும்போது ஒலி பின்தங்காமல் இருக்க, ஒலித் துணுக்குகளை (சாம்பிள்) சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரை 1024 சாம்பிளிலிருந்து 256-க்குக் குறைப்பேன். நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அது 23 மில்லிசெகண்டிலிருந்து 6-க்கு வரும். குறைத்த உடனே பிராசசர் சூடேறி விசிறி சுருதி போட ஆரம்பித்துவிடும். என்ன சுருதி என்று அதற்கே தெரியாது. மைக் வைத்துப் பதிவு செய்த எல்லாப் பாட்டிலும் தம்பூராவுக்குப் பதில் அதுதான் கேட்கிறது. பஃபரைப் பழையபடி ஏற்றி, லேப்டாப்பை மேசைக்கு அடியில் தள்ளி, நடுவில் தலையணை வைத்தால் கொஞ்சம் தேவலை. காற்றுப் போகும் வழியை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

போன மாதம் அத்தை போன் செய்தார். புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான்தான் வாசிக்க வேண்டுமாம்.

"ஏம்ப்பா, உங்க குழுவுல எத்தனை பேரு? சமையல்காரருக்கு இலைக் கணக்குச் சொல்லணும்."

"நான் ஒருத்தன்தான் அத்தை. ஒரு பிளக் பாயின்ட் இருந்தா போதும்."

"அப்ப அந்தச் சண்முகம், சண்முகம்னு சொல்லிக்கிட்டே இருப்பியே?"

"அவரும் வருவார். சாப்பிட மாட்டார்."

"ஏன், சுகரா?"